கொடுத்த பிள்ளைக்கு ஒரு செய்தி

அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், செஞ்சிக்கு வரவிருந்த ஓர் அகில இந்தியத் தலைவருக்கு வரவேற்பு மடல் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். அந்தத் தலைவர் நான் பெற்ற மகன் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. ஊரில் எவருக்குமே தெரியாது என்றுதான் அன்றுவரை நானும் நினைத்திருந்தேன்.

கேட்க வந்தவர் கடைவீதியில் நிலக்கடலை மண்டி வைத்திருந்த சமண வணிகர், மேல்சித்தாமூரைச் சேர்ந்தவர், வரவேற்புக் குழுவுக்குச் செயலாளர். என் மனைவி இறந்து அப்போது ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்த வீட்டுக்குள் வந்து உட்காருவதற்கே அவர் கூச்சப்பட்டார். கூச்சத்தை மறைக்க உரக்கப் பேசினார்.

“நீங்க எழுதுனாத்தான் சார் அது மடலு. போன தபா கலெக்டருக்கு எழுதுனீங்களே, மனுஷன் எழுந்து நின்னு இல்ல வாங்கினாரு! அர்த்தம் புரிஞ்சி இல்ல சார், அந்த சத்தத்துக்கே.”

“எவ்வளவு நீளம் வேண்டும்?”

“கண்ணாடி பிரேமு இம்மாம் பெருசு,” என்று இரு கைகளையும் விரித்தார். “அது ரொம்பணும்.”

“கூட்டம் எத்தனை மணிக்கு?”

“அஞ்சுன்றாங்க. தலைவருங்க அஞ்சுன்னா அது எட்டு. இருட்டுனப்பறம் எனக்கு வாயில பச்சத் தண்ணி படாது, உங்களுக்குத் தெரியாததா? நாலு மணிக்கே சாப்ட்டுட்டு வந்து முன்னால குந்திக்குவேன். நீங்களும் மேடையில ஒக்காரணும் சார்.”

மடல் எழுதித் தருவதாகச் சொன்னேன். மேடைக்கு வரவில்லை என்றும் சொன்னேன்.

செஞ்சிப் பள்ளியில் ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். ஊருக்கு வந்த பெரிய மனிதர்கள் அனைவருக்கும் மடல் எழுதியிருக்கிறேன். மூன்று மாற்று உவமைகளும் இரண்டு எதுகைத் தொடர்களும் கைவசம் இருந்தால் எவரையும் வரவேற்றுவிடலாம். ஆனால் இந்த மடலுக்கு நான் இசைந்தது வேறொரு காரணத்துக்காக. தாம் பெறும் மடலைத் தலைவர்கள் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தருவது வழக்கம். எழுதியவன் அதை எடுத்துக்கொண்டு பயணியர் விடுதிக்குப் போகலாம். என் மனைவி இறந்துவிட்டாள் என்ற செய்தியை அவள் பெற்ற மகனிடம் சொல்ல, எனக்கு அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

எங்களுக்கு இரண்டு ஆண் குழந்தைகள். என் மனைவியின் அக்காள் சென்னையில் ஒரு வழக்கறிஞரின் மனைவி. பதினோர் ஆண்டுகளாகப் பிள்ளை இல்லாதவள். நான் செஞ்சிக்கு வருவதற்கு முன், இளையவனுக்கு இரண்டு வயது நடக்கையில், அவனை அவர்களுக்குச் சுவீகாரம் கொடுத்தோம். ஹோமத்தின் முன் உட்கார்ந்து நீர் வார்த்து, “கொடுத்தேன்” என்று மூன்று முறை சொன்னவன் நான்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து மூத்தவன் அம்மையில் போனான். இளையவனைத் திரும்பக் கேட்டுப் பார்க்கும்படி என் மனைவி ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள். கொடுத்தது கொடுத்ததுதான் என்றேன். அதன்பின் சென்னைக்குப் போவதையும் கடிதம் எழுதுவதையும் நிறுத்தினேன். அவளையும் நிறுத்தச் சொன்னேன். பிள்ளையில்லாத தம்பதியராகச் செஞ்சிக்கு வந்தோம். ஊர் எங்களை அப்படியே ஏற்றுக்கொண்டது.

பதினான்கு வயதில் அவன் ஒருமுறை தனியாக வந்தான். உண்மையை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். ரயிலில் திண்டிவனம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, வழி விசாரித்து வீட்டு வாசலில் நின்றான். என் மனைவி சிங்கவரம் மலைக்கோயிலுக்குப் போயிருந்தாள். “அப்பா” என்று கூப்பிட்டான். “சித்தப்பா என்று சொல்,” என்றேன். அவனுக்குக் குடிக்க மோர்கூடக் கொடுக்காமல் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய் அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டேன். அவள் கோயிலிலிருந்து திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளிடம் நான் சொல்லவில்லை.

பின்னர் அவன் வடக்கே போனான், சிறைக்குப் போனான், மந்திரியானான், கட்சியின் தலைவர்களில் ஒருவனானான். இவற்றையெல்லாம் மற்றவர்களைப் போல நாங்களும் பத்திரிகையில்தான் படித்தோம். படத்தோடு செய்தி வரும் நாட்களில் பத்திரிகையை மடித்து அவள் பக்கமாக வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். அதைப் பற்றி அவள் எதுவும் பேசமாட்டாள். அந்த மௌனத்தை நான் கீழ்ப்படிதல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சுவீகாரம் போன பிள்ளைக்குப் பெற்றவர்களின் சாவில் பத்து நாள் துக்கமில்லை. கொள்ளி வைக்கும் உரிமையும் இல்லை. எங்கள் குடும்ப வழக்கப்படி மூன்று நாள் தீட்டு, அவ்வளவே. நாள் கடந்து செய்தி கேட்டால், கேட்ட இடத்திலேயே தலைக்கு ஒரு முழுக்கு. புரட்டாசியில் அவளுக்குக் கொள்ளி வைத்தவன் நான். சிதையின் முன் நின்றபோதும், அதற்குப் பின் வந்த மாதங்களிலும், எனக்கு ஒரே ஓர் எண்ணம்தான் இருந்தது: அந்த ஒரு முழுக்கு அவளுக்கு வந்து சேர வேண்டும். சுவீகாரத் தாயும் தந்தையும் முன்னரே காலமாகிவிட்டதால் சொல்லி அனுப்ப ஆளில்லை. டில்லி விலாசத்துக்கு நான்கு முறை கடிதம் எழுதினேன். அவற்றை யாரோ ஒரு குமாஸ்தா பிரித்துப் படித்துக் கோப்பில் கட்டி வைப்பான் என்று தோன்றவே, நான்கையும் கிழித்தேன்.

மடலை இரண்டு நாட்களில் எழுதி முடித்தேன். வழக்கமான மடல். அதன் இரண்டாம் பத்தியில், நாற்பத்தேழு ஆண்டுகள் நாட்டுக்கென வாழ்ந்தவர் என்று ஒரு தொடர் அமைந்திருந்தது. எழுதும்போது அதை நான் கவனிக்கவில்லை.

தலைவர் முதல் நாள் இரவே வந்து விடுதியில் தங்கினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு, மண்டிக்காரர் துணையாக வர, அங்கே போனேன். வேலிக்கு வெளியே ஐம்பது அறுபது பேர் மாலைகளோடு நின்றார்கள். மடல் மதியத்துக்குள் அச்சுக்குப் போய் மாலைக்குள் கண்ணாடி போடப்பட வேண்டும் என்று சொல்லி மண்டிக்காரர் வாசலிலேயே சண்டை பிடித்து என்னை உள்ளே அனுப்பினார். தாழ்வாரத்தில் ஒரு மேசை. அதன் பின்னால் தலைவரின் செயலாளர், முப்பது வயது இளைஞர், மடலைப் பேனா முனையால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“பிரமாதம் பெரியவரே. பாதி எனக்குப் புரியல, அதனால பிரமாதமாத்தான் இருக்கும். வயசு மட்டும் ஒண்ணு கூடிப்போச்சு.”

“கூடியிருக்காதே,” என்றேன்.

“நாற்பத்தேழுன்னு போட்டிருக்கீங்க. தலைவருக்கு நாற்பத்தாறு. எல்லா நோட்டீஸ்லயும் அதான் இருக்கு.”

அப்போதுதான் என் தவறு எனக்கு விளங்கியது. வழக்கறிஞர், பிற்காலப் பரீட்சைகளுக்கு உதவும் என்று, பையனைப் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வயதைக் குறைத்திருக்கிறார். அது ஊரெங்கும் நடப்பது. செஞ்சிப் பிள்ளைகளில் பாதிப்பேரை ஜூன் மாதம் முதல் தேதியில் பிறக்க வைத்தவன் நான். பதிவேட்டு வயது வேறு, பிறந்த வயது வேறு என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இந்தத் தாலுகாவில் இல்லை. ஆனாலும் இந்த ஒரு பிள்ளைக்கு என் கை பிறந்த வயதையே எழுதிவிட்டது.

“திருத்திவிடலாம்,” என்றேன்.

“என்ன திருத்தணும்?” என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்ல சார். இங்க ஒரு பெரியவர் உங்களுக்கு ஒரு வயசு கூட்டிட்டார்.”

பின்னர் அவன் வெளியே வந்தான். ஒரு கன்னத்தில் சவர நுரை, தோளில் துண்டு. என்னைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த தாளை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தான். அவன் அம்மாவின் நெற்றி. பத்திரிகைப் படங்களில் அது தெரிந்ததில்லை.

“இவர் போட்டிருக்கிறதுதான் சரியா இருக்கும்,” என்றான் செயலாளரிடம். “ஆனா நாம சொல்லிட்டு வர்றது நாற்பத்தாறு. அப்படியே இருக்கட்டும். நீங்க போய் விழுப்புரத்துக்குப் போன் போட்டு மத்தியானக் கூட்டத்தைப் பத்திக் கேளுங்க. வர்ற வரைக்கும் யாரையும் விடாதீங்க.”

செயலாளர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அவன் துண்டால் நுரையைத் துடைத்தான்.

“உட்காருங்க, சித்தப்பா.”

உட்கார்ந்தேன். முந்தைய இரவு தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் இரண்டு, அவற்றைச் சொன்னேன். “புரட்டாசி ஏகாதசியன்று அவள் போய்விட்டாள். சொல்ல வேண்டியவன் நான், சொல்வதற்குத் தாமதமாகிவிட்டது.”

“தெரியும்,” என்றான். “அஞ்சாம் நாளே கார்டு வந்தது.”

“யார் போட்டது?”

“சித்திதான்.”

நான் அவனைப் பார்த்தேன்.

“முன்னாலேயே எழுதி வச்சிருந்தாங்க. தேதிக்கு மட்டும் இடம் விட்டு. அந்தத் தேதியை வேற யாரோ பென்சில்ல போட்டிருந்தாங்க. பூக்காரம்மா பொண்ணா இருக்கும்.”

“எந்தப் பூக்காரி?”

அதுவரை என் தோளுக்கு மேலாக எங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவன், இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

“உங்களுக்குத் தெரியவே தெரியாதா? பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கிறவங்க. என் கடுதாசியெல்லாம் அவங்க விலாசத்துக்குத்தான் போகும். நான் ஜெயில்ல இருந்தப்பகூட நிக்கல. அன்னைக்கு என்னை பஸ்ல ஏத்தி விட்டீங்க இல்ல, அதைப் பார்த்துட்டுப் போய்ச் சித்திகிட்டச் சொன்னவங்க அவங்கதான். ஒரு வாரத்துல சித்தி முதல் கார்டு போட்டாங்க.”

முப்பத்து மூன்று ஆண்டுகள். தினமும் மாலை எங்கள் வாசலில் ஒரு முழம் பூவுக்காக அந்த இரண்டு பெண்களும் கால்மணி நேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள். பேரம் என்று நினைத்தேன். இவ்வளவு நேரம் பேரம் பேச வேண்டுமா என்று ஒருமுறை கேட்டும் இருக்கிறேன். மலிவாகக் கிடைக்கிறது என்று பதில் சொன்னாள்.

“முழுக்கு?” என்று கேட்டேன். கேட்க வேறொன்றும் என்னிடம் இல்லை.

“போட்டேன். கார்டுலயே அதான் இருந்தது. ‘நான் போயாச்சு. தலைக்கு ஒரு சொம்பு விட்டுக்கொள். வேலையைப் பார்.’ மூணு நாள் எங்கேயும் போகலை. ஜுரம்னு பேப்பர்ல போடச் சொன்னேன்.”

நாள் கடந்து கேட்டவனுக்கு ஒரு முழுக்கே போதும். அந்த மூன்று நாட்களை எந்த விதியும் அவனிடம் கேட்கவில்லை.

“சாவுக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட வேண்டும்,” என்றேன். ஆசிரியனாகவே வாழ்ந்துவிட்டவனின் வாயில் அப்படித்தான் வருகிறது.

“தெரியும். கிழிக்கலை.”

“என்னைப் பற்றி ஏதாவது…”

“அந்தக் கார்டுலயா? இல்லை.” மடலை மேசையில் வைத்துவிட்டு, “மத்த கடுதாசியிலெல்லாம் இருக்கும். உங்க இருமல். உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. பென்ஷனுக்கு நீங்க அலைஞ்சது. எல்லாம் தெரியும்,” என்றான்.

பதினான்கு வயதில் வந்தவனுக்குச் செய்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எண்ணினேன், வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். ஐந்து மாதங்களாகச் சுமந்துகொண்டு வந்த செய்தி, எனக்கு முன்பே, என் உதவியின்றி, உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்து உரிய மரியாதையையும் பெற்றிருந்தது. நான் விரும்பியது அதுதான். மகிழ்ந்திருக்க வேண்டும். உடம்பில் களைப்பு மட்டுமே இருந்தது.

செயலாளர் திரும்பி வருவது தெரிந்தது. அவன் எழுந்து துண்டை உதறினான். குரலைத் தாழ்த்தி, பயண ஏற்பாடு எதையோ கேட்பவனைப் போலக் கேட்டான்:

“உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு யார் கார்டு போடுவாங்க?”

நான் பதில் சொல்வதற்குள் செயலாளர் வந்துவிட்டார்.

வெளியே மண்டிக்காரர் பதறிக்கொண்டு நின்றார். “இன்னா சார், இம்மாம் நேரம்? ஒத்துக்கினாரா?”

“ஒத்துக்கொண்டார். ஒரு திருத்தம்.”

“ஒண்ணுதானா! கலெக்டரு நாலு திருத்தம் போட்டாரு சார்.”

கூட்டம் சந்தைத் திடலில் நடந்தது. ராஜகிரிக் கோட்டைமலைப் பாறைகள் பகலில் வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தந்துகொண்டிருந்தன. நான் நான்காம் வரிசையில் இருந்தேன். மண்டிக்காரர் என் மடலை மூச்சு விடாமல் படித்தார். நிறுத்தக் கூடாத இடங்களில் நிறுத்தினார். நாற்பத்தாறு ஆண்டுகள் என்று உரக்கச் சொன்னார். மக்கள் கை தட்டினார்கள். கண்ணாடிச் சட்டத்தைத் தலைவர் இரு கைகளாலும் வாங்கி, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். செஞ்சிக்குத் தாம் வருவது இதுவே முதல் முறை என்று பேச்சைத் தொடங்கினார். பேச்சு முடிவதற்கு முன் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவன் கேட்ட கேள்விக்கு விடை தேட எனக்குப் பதினொரு நாட்கள் ஆயின. முதலில் மண்டிக்காரரை நினைத்தேன். நல்லவர், ஆனால் அவரிடம் கொடுத்தால் அன்று மாலைக்குள் பக்கத்து ஊரான அனந்தபுரம் வரை செய்தி போய்விடும். வங்கியையும் வக்கீலையும்கூட நினைத்தேன். நினைக்காமல் தள்ளிவைத்திருந்த ஒருத்தி மட்டுமே மிஞ்சினாள். ஓர் அஞ்சலட்டையை எடுத்து டில்லி விலாசத்தை எழுதி, தேதிக்கு இடம் விட்டு, நான் போய்விட்டேன் என்று எழுதினேன். மடலுக்குக் கிடைத்த அத்தனை சொற்களில் ஒன்றுகூட அதற்குமேல் வரவில்லை. கீழே சித்தப்பா என்று கையொப்பமிட்டேன்.

பூக்காரி பஸ் நிலையத்தின் எதிரே கூடையுடன் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி போனபின் எங்கள் தெருவுக்கு அவள் வருவதில்லை.

“வாங்க சார். வெயில்ல ஏன் வந்தீங்க? சொல்லி அனுப்சிருந்தா வந்திருப்பனே.”

அட்டையை நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படிக்கத் தெரியாதவள், விலாசப் பக்கத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள்.

“டில்லிக்கித்தான?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க வேற யாருக்கு எழுதப் போறீங்க.”

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

“நீங்க கேக்கலியே சார்? அம்மா சொல்லிட்டுத்தான் போச்சி. அவரா வந்து கேட்டா சொல்லு, இல்லன்னா வாணான்னு. நானும் நாலஞ்சி மாசமா இன்னிக்கி வருவாரு நாளிக்கி வருவாருன்னு பாக்கறேன். நீங்க வந்தாத்தான?” பூவைத் தொடுத்துக்கொண்டே, “அந்தப் புள்ள எழுதுன கடுதாசில்லாம் ஊட்ல ஒரு பொட்டில இருக்குது. எடுத்தாரட்டா?” என்றாள்.

“வேண்டாம். அவை அவளுக்கு வந்தவை.”

“சரி, கெடக்கட்டும்.” அட்டையை மீண்டும் பார்த்தாள். “இத்த எம்மாம் நாளு வச்சிக்கினு இருக்கணும்?”

“அதை நான் எப்படிச் சொல்வது?”

அவள் சிரித்துவிட்டாள். “அதுக்குக் கேக்கல சார்! ஆயுசு கெட்டி உங்களுக்கு. அம்மாவுது ஆறு வருசம் கூரைல செருவி வச்சிருந்தேன். ரெண்டு தபா மழைல ஊறிப்போயி, அம்மா வேற எழுதிக் குடுத்துச்சி. உங்களுதும் ஊறிப்போச்சின்னா எடுத்தாரேன், சலிச்சிக்காம வேற எழுதிக் குடுங்க.”

சென்ற ஐப்பசி மழைக்குப் பின் ஒரு காலை கொண்டுவந்து கொடுத்தாள். மை கலைந்து விலாசத்தின் பாதி போயிருந்தது. அவளை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் வேறொன்று எழுதிக் கொடுத்தேன்.